பந்து போன திசையில் ஒரு முகம்

(தேங்காய்ப்பட்டணம் கடற்கரைத் திடலில் ஒளிப்பதிவான பட்டிமன்றம். தலைப்பு: “விளையாட்டுப் போட்டிகள் கடல் கடந்து போவது வளர்ச்சியே! வணிகமே!” ‘வளர்ச்சியே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே வரிசையாக உட்கார்ந்திருக்கும் அருமை நண்பர்களே! மணலிலே பாய் விரித்து, பிள்ளைகளை மடியிலே போட்டுக்கொண்டு இந்த நேரத்திலும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற என் ஊர் சனங்களே!  (கைதட்டல்)

நடுவர் ஐயா வடக்கே இருந்து வந்திருக்கிறார். வந்ததும் என்னிடம் கேட்டார், “அம்மா, தாமிரபரணி திருநெல்வேலியிலேதானே ஓடுது? இங்கேயும் தாமிரபரணின்னு போர்டு போட்டிருக்கே?” ஐயா, அது நெல்லைத் தாமிரபரணி. இது எங்க குழித்துறைத் தாமிரபரணி. ஆத்தோட பேரே ஊர் தாண்டி வந்திருக்கிற இடத்திலே, ஆட்டம் ஊர் தாண்டலாமான்னு பட்டிமன்றம் வைத்திருக்கிறீர்கள். தீர்ப்பை ஆறு ஏற்கெனவே சொல்லிவிட்டது. (சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர்: தீர்ப்பை நான் சொல்லணும்மா. ஆத்துக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு உண்டு!) (சிரிப்பு)

சரிங்க ஐயா. எதிரணியிலே கடைசியாகப் பேசிய நண்பர் அமெரிக்காவிலே ஆரம்பித்தார். “அவன் பேரு ஃபுட்பால். ஆனா கையிலே தூக்கிக்கிட்டு ஓடுறான். இதைப் போய் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுறான். இது வணிகம் இல்லையா?”ன்னு கேட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லணும். பந்து தேங்காய் மாதிரி நீளமா இருக்கும். எங்க ஊருக்கு ஏற்ற பந்து! (சிரிப்பு) பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு வாய்ப்புக்குள்ளே பத்து கஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடியும் நாலு வாய்ப்பு. இல்லேன்னா பந்து எதிராளிக்கு. நம்ம சடுகுடு மாதிரி, அடுத்தவன் மண்ணுக்குள்ளே புகுந்து இடம் பிடிக்கிற ஆட்டம்தான். என்ன, நாம மூச்சைப் பிடிப்போம், அவன் ஆளையே பிடிச்சுச் சாய்ப்பான்.

இந்த ஆட்டத்தோட பெரிய லீக், முதன்முதலா 2005-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, புள்ளிக்கணக்கிலே சேருகிற ஒரு போட்டியை அமெரிக்காவுக்கு வெளியே நடத்தியது. மெக்ஸிகோ சிட்டியிலே. எவ்வளவு கூட்டம் தெரியுமா? 1,03,467 பேர்! 2007-லே லண்டன். 2022-லே ஜெர்மனியிலே மியூனிக். 2024-லே பிரேசில் நாட்டு சாவ் பாவ்லோ. 2025-ஆம் வருஷம் ஒரே பருவத்திலே ஏழு போட்டி, அஞ்சு நகரம். டப்ளின், பெர்லின், மாட்ரிட்னு பட்டியல் நீளுது. மியூனிக்கிலே 69 ஆயிரத்துக்கு மேலே சனம். ஆட்டத்துக்கு நடுவிலே ஒரு அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை ஒலிபெருக்கியிலே போட்டாங்க. போட்டவன் நிறுத்திட்டான், ஜெர்மன்காரன் நிறுத்தலை! மொத்த மைதானமும் பாடிக்கிட்டே இருந்தது. ஐயா, வியாபாரத்துக்குச் சரக்கு வாங்குவான். பாட்டு எதுக்குப் பாடணும்? (கைதட்டல்)

“பணத்துக்குத்தானே போனான்?” என்கிறார்கள் எதிரணியிலே. ஆமாம், பணத்துக்குத்தான் போனான். பணம் இல்லாம எந்தக் கப்பல் கிளம்பியிருக்கு? எங்க தேங்காய்ப்பட்டணம் பழைய துறைமுகம். அரபு நாட்டு வியாபாரி இந்தக் கரைக்கு வந்தது எங்க மூஞ்சியைப் பார்க்கவா? வியாபாரத்துக்கு. ஆனா வந்தவன் சரக்கை மட்டுமா விட்டுட்டுப் போனான்? உறவை விட்டான். சமையலை விட்டான். இன்னிக்கு நீங்க கோர்ட்டிலே ‘வக்கீல்’னு சொல்றீங்க, கடையிலே ‘பாக்கி’ன்னு சொல்றீங்க, வட்டிக்காரர் ‘வசூல்’னு சொல்றாரு. மூணுக்கும் மூலம் அரபிச் சொல்லு. எந்த வழியா வந்ததோ, வந்து தமிழாவே ஆயிட்டுது. வணிகம்ங்கிறது கப்பல், வளர்ச்சிங்கிறது அதிலே வர்ற விதை. எதிரணி கப்பலை மட்டுமே பார்க்குது. நாங்க கரையிலே முளைச்ச மரத்தைக் காட்டுறோம். (கைதட்டல்)

கிரிக்கெட் எப்படி வந்தது? 1721-லே குஜராத்துக் கம்பாத் துறைமுகத்திலே ஆங்கிலேயக் கப்பல்காரன் பொழுதுபோகாம ஆடினதா எழுதி வச்சிருக்காங்க. அவன் அன்னிக்கு, “இது எங்க ஊர் ஆட்டம், இங்கே ஆடக்கூடாது”ன்னு மட்டையைச் சுருட்டி வச்சிருந்தா, இன்னிக்கு எதிரணித் தலைவர் சட்டைப் பையிலே செல்போனை வச்சு, காதிலே ஒயரை மாட்டிக்கிட்டு ஸ்கோர் கேட்டுக்கிட்டு இருப்பாரா? (பலத்த சிரிப்பு. எதிரணித் தலைவர் காதிலிருந்து ஒயரை எடுக்கிறார்)

கால்பந்தை எடுத்துக்கோங்க. இந்த ஆத்துக்கு அந்தக் கரையிலே இரையுமன்துறை. அங்கேயிருந்து பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வரைக்கும் நடந்து பாருங்க. எந்தக் கடற்புரத்திலே பந்து உருளலை? உலகக் கோப்பை வந்தா வள்ளத்து மேலே பிரேசில் கொடி, வீட்டு மேலே அர்ஜென்டினா கொடி. ஒரே வீட்டிலே அண்ணன் பிரேசில், தம்பி அர்ஜென்டினா. அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே மீன்கறி! (சிரிப்பு) கடல்லே ஆழத்துக்குப் போய்ச் சுறா பிடிக்கிறவன் வீட்டுப் பிள்ளை, வெறுங்காலோட மணல்லே ஆடி, மாநில அணி வரைக்கும் போறான். பந்து கடல் தாண்டி வந்ததாலே வந்த வளர்ச்சி இது.

வந்தது மட்டுமா? போனதும் வளர்ச்சிதான். நம்ம சடுகுடுவை 1936-லே பெர்லின் ஒலிம்பிக் நேரத்திலே, அமராவதியிலிருந்து போன குழு ஆடிக் காட்டியது. அப்போ வெள்ளைக்காரன் வேடிக்கை பார்த்தான். 2018 ஆசிய விளையாட்டிலே என்ன ஆச்சு? அரையிறுதியிலே ஈரான் நம்மையே தோற்கடிச்சு வெளியே அனுப்பிட்டான்! வயிறு எரிஞ்சுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாம சொல்லிக் கொடுத்த ஆட்டத்திலே ஒருத்தன் நம்மை ஜெயிக்கிறான்னா, ஆட்டம் வளர்ந்திருக்குன்னுதானே அர்த்தம்? வாத்தியாரை மிஞ்சின பிள்ளையைப் பார்த்து வாத்தியார் அழலாமா?

சதுரங்கத்துக்கு வருவோம். 2022-லே 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவிலே நடக்க வேண்டியது. உக்ரைன் போராலே அங்கேயிருந்து எடுத்தாங்க. எங்கே வந்தது? மாமல்லபுரத்துக்கு! 180 நாட்டுக்கு மேலே ஆட்டக்காரங்க வந்தாங்க. வேட்டி கட்டின குதிரைக்குத் ‘தம்பி’ன்னு பேர் வச்சு ஊரெல்லாம் நிறுத்தினோம். அன்னிக்கு எதிரணி நண்பர்கள் யாராவது, “ஐயோ, ரஷ்யாக்காரன் ஊர் ஆட்டம், அவன் வாசல்லே சுண்டல் விக்கிறவன் பாவம்”னு அழுதீங்களா? குதிரைக்குப் பக்கத்திலே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்க! (பலத்த கைதட்டல்) நம்ம ஊருக்கு வந்தா வளர்ச்சி, நம்ம ஊரை விட்டுப் போனா வணிகமா? இது என்ன நியாயம் ஐயா?

2024-லே உலகச் சாம்பியன் போட்டி. அதை நடத்தச் சென்னையும் கேட்டது, டில்லியும் கேட்டது. கிடைச்சது சிங்கப்பூருக்கு. ஆடினவங்க ரெண்டு பேருமே சிங்கப்பூர்காரங்க இல்லை. ஒருத்தர் சீனாவின் டிங் லிரென், இன்னொருத்தர் நம்ம சென்னைப் பிள்ளை குகேஷ். டிசம்பர் 12-ஆம் தேதி குகேஷ் ஜெயிச்சுக் கண்ணைத் துடைச்சாரே, அந்தக் கண்ணீர் சிங்கப்பூர்க் கண்ணீரா, சென்னைக் கண்ணீரா? மண் மாறினாலும் மனசு மாறாது ஐயா!

எதிரணியின் முதல் பேச்சாளர் சகோதரி ஒரு உண்மையைச் சொன்னாங்க. அதை நான் மறுக்க மாட்டேன். “ஐ.பி.எல். வெளிநாட்டுக்குப் போனப்போ சேப்பாக்கம் வாசல்லே கொடி விக்கிறவன், முகத்திலே மஞ்சள் பூசி விடுற பையன், டீக்கடைக்காரன், ஆட்டோக்காரன், இவங்க வயித்திலே அடிச்சாங்க”ன்னு சொன்னாங்க. உண்மைதான். 2009-லே பொதுத்தேர்தல் வந்தது, மொத்தப் போட்டியும் தென்னாப்பிரிக்கா போயிட்டுது. அந்தப் பருவத்துக்குக் கணக்கைப் போட்டு வச்சிருந்தவன் பாவம், கணக்கைக் கிழிச்சுப் போட்டான்.

ஆனா அந்தப் பக்கமும் பாருங்க. 1860-லே மதராஸ் துறைமுகத்திலேர்ந்து கப்பல் ஏத்தி, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா கொண்டுபோய் இறக்கினாங்களே, அது எந்த ஊர்? டர்பன். அங்கே ஆறாவது தலைமுறை, ஏழாவது தலைமுறையா நம்ம சனம் இருக்கு. கோயில் இருக்கு, காவடி இருக்கு, பேரிலே கோவிந்தர், நாயுடு, பிள்ளை இருக்கு. பேச்சிலே தமிழ் தேஞ்சுபோச்சு. அந்த டர்பன் மைதானத்திலே 2009-லே சென்னைங்கிற பேரைச் சட்டையிலே போட்டுக்கிட்டு ஒரு அணி ஆடினது. பாட்டன் கப்பல் ஏறின துறைமுகத்தோட பேரு, கிட்டத்தட்ட 150 வருஷம் கழிச்சுப் பேரனைத் தேடி வந்தது! நம்மகிட்டே சேப்பாக்கம் அடுத்த வருஷமும் இருக்கும். அவனுக்கு அந்த ஒரு வருஷம்தானே? (கைதட்டல்)

நடுவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. இதைச் சொல்லத்தான் நான் இந்த அணியிலே உட்கார்ந்தேன்.

எங்க காக்கா. டி.வி.யிலே பார்க்கிறவங்க பறவைன்னு நினைச்சுக்காதீங்க! (சிரிப்பு) எங்க பக்கம் அண்ணனைக் காக்கான்னு கூப்பிடுவோம். எங்க வாப்பா மௌத்தானப்போ காக்காவுக்கு இருபத்திரண்டு வயசு. இந்த மணல்லே அவன் அளவுக்குப் பந்தாட ஆள் கிடையாது. ஆனா வீட்டிலே நாங்க ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. பந்தைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டுட்டு அபுதாபிக்குப் போனான். முசஃபாவிலே கேம்ப். ஒரு அறையிலே எட்டுப் பேர். அவன் அனுப்பின காசிலேதான் லாத்தாவுக்குக் கல்யாணம், அவன் அனுப்பின காசிலேதான் நான் படிச்சேன், இன்னிக்கு இந்த மைக் முன்னாலே நிக்கிறேன். 2014-லே அவன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி லீவு தரலை.

அந்த வருஷமும் தேர்தல். ஐ.பி.எல்.லோட முதல் 20 போட்டி அமீரகத்துக்குப் போச்சு. சென்னையோட முதல் ஆட்டம் ஏப்ரல் 18, அபுதாபி. அன்னிக்கு என்ன கிழமை தெரியுமா? வெள்ளிக்கிழமை! வாரம் பூரா வெயில்லே வேகிறவனுக்கு அப்போ இருந்த ஒரே ஒரு விடுமுறை நாள். காக்கா போன் பண்ணினான், “உம்மா, நான் மேச் பார்க்கப் போறேன். ஜும்ஆ தொழுதுட்டு நேரா போறோம். டி.வி.யிலே பாருங்க, மஞ்சள் சட்டை போட்டிருப்பேன்.”

எங்க உம்மாவுக்குக் கிரிக்கெட்னா எத்தனை பேர்னு தெரியாது. ஆனா அன்னிக்கு டி.வி. முன்னாலே முதல் ஆளா உட்கார்ந்துட்டா. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போடுறா. மைதானம் முழுக்க மஞ்சள் சட்டை! “மக்களே, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கானுவளே, என் பிள்ளை எது?”ன்னு கேட்கிறா. பந்து கோட்டைத் தாண்டினா கேமரா கூட்டத்தைக் காட்டுது. உடனே உம்மா எழுந்து டி.வி. கிட்டே போயிடுறா. பந்து தாண்டலைன்னா அவளுக்கு ஏமாற்றம்.

சென்னை 205 ரன் அடிச்சுது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் பஞ்சாப் வந்தான். மேக்ஸ்வெல்னு ஒருத்தன் இறங்கினான். அடி அடின்னு அடிக்கிறான். நாங்க தலையிலே கை வச்சு உட்கார்ந்திருக்கோம். உம்மா மட்டும் கை தட்டுறா! (சிரிப்பு) “உம்மா, அவன் எதிரி டீமு!”ன்னு கத்தறேன். உம்மா சொன்னா, “எவனா இருந்தா என்ன மக்களே, அவன் அடிச்சாத்தானே பந்து கூட்டத்துப் பக்கம் போவுது. என் பிள்ளை தெரிவானே!”

(அரங்கம் அமைதி. பிறகு நீண்ட கைதட்டல்)

மேக்ஸ்வெல் 95 அடிச்சான். சென்னை தோத்துப்போச்சு. கடைசியிலே ஒரு பவுண்டரிக்குக் கேமரா திரும்பினப்போ, மஞ்சள் சட்டையிலே ஒல்லியா ஒரு பையன், ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னான். அரை நிமிஷம்கூட இல்லை. உம்மா, “அதா! அதா என் மகன்! மெலிஞ்சிட்டானே!”ன்னு திரையைத் தடவினா. முந்தானையாலே கண்ணைத் துடைச்சா. அன்னிக்கு ராத்திரி நிம்மதியா சோறு தின்னா.

மறுநாள் காக்கா போன் பண்ணினான். என்கிட்டே மெதுவா சொன்னான், “நாங்க இருந்தது எதிர்ப்பக்கம் புல்மேட்டிலேம்மா. கேமரா அந்தப் பக்கம் வரவே இல்லை.” நான் உம்மாகிட்டே சொல்லலை. அவ பார்த்தது எந்த உம்மா பெத்த பிள்ளையோ! ஆனா அந்தப் பிள்ளைக்கும் ஒரு உம்மா எங்கேயோ டி.வி. முன்னாலே உட்கார்ந்து, எங்க காக்காவைப் பார்த்து, “என் பிள்ளை”ன்னு சொல்லியிருப்பா இல்லையா? (கைதட்டல்)

2020-லேயும் ஐ.பி.எல். அமீரகத்திலே நடந்தது. அதே அபுதாபி, அதே மஞ்சள் சட்டை. கொரோனா காலம், உள்ளே ஆள் விடலை. நான் உம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு தரம் எட்டிப் பார்த்தா. காலி நாற்காலி. “ஆளில்லாத மேச்சை எதுக்கு மக்களே பார்க்கணும்?”னு அடுக்களைக்குப் போயிட்டா. வணிகம்னு சொல்றீங்களே ஐயா, வணிகம் 2020-லேயும் நடந்தது. விளம்பரம் ஓடினது, காசு வந்தது. ஆனா எங்க உம்மாவுக்கு அதிலே ஒண்ணுமில்லை. 2014-லே அவளுக்குக் கிடைச்சுதே, அதுக்கு எதிரணி என்ன பேர் வைப்பீங்க?

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. எதிரணி 2018-ஐச் சொன்னாங்க. காவிரிப் போராட்டத்திலே சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்குப் போச்சு, ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் பின்னாலேயே போனாங்கன்னு. மனசு கஷ்டம்தான். 2025-லே ஸ்பெயின் லீக் ஒரு ஆட்டத்தை மயாமிக்குக் கொண்டுபோக நினைச்சப்போ, ஆட்டக்காரங்களே முதல் பதினஞ்சு வினாடி ஆடாம அசையாம நின்னு எதிர்ப்பைக் காட்டினாங்க. அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நானும் அந்த ஆட்டக்காரங்க பக்கம்தான். ஏன்னா, ஆடுறவனைக் கேட்காம, ஊர்க்காரனைக் கேட்காம எடுத்துட்டுப் போறது வளர்ச்சி இல்லை.

ஆனா வழி இருக்கு. அந்த அமெரிக்க லீக் 2021-லே 16 ஆட்டத்தை 17 ஆக்கினது. அதிலே பாதி அணிக்குச் சொந்த ஊரிலே ஒன்பது ஆட்டம் வரும். வெளிநாட்டுக்குப் போறது பெரும்பாலும் அந்த ஒன்பதாவது. ஊர்க்காரனுக்கு எட்டு மிஞ்சும். விருந்தாளிக்கு இலை போடணும். அதுக்காக வீட்டுக்காரன் இலையைப் பிடுங்கிப் போடக்கூடாது. இன்னொரு இலை நறுக்கிப் போடணும். நாங்க கேட்கிறது அந்த ஒரு இலையைத்தான்.

ஐயா, இந்தக் கரையிலே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலேயும் ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான். அவன் ஊருக்கு வர லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது, விசா சரியில்லைம்பான். அவனாலே ஊருக்கு வர முடியலைன்னா, ஊர்லேர்ந்து ஒரு ஆட்டமாவது அவனைத் தேடிப் போகட்டும். அவன் விடுமுறை நாள்லே மூணு மணி நேரம் அவன் கூலிக்காரன் இல்லை, ரசிகன். ஆட்டம் கடல் கடப்பது வளர்ச்சியே, வளர்ச்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, கேட்டுக்கொண்டிருந்த எங்க உம்மாவுக்கும் உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)

(நடுவர்: அம்மா, உங்க உம்மா இங்கேதான் இருக்காங்களா? எங்கே? எழுந்து நில்லுங்கம்மா. கேமராக்காரத் தம்பி, பந்து ஒண்ணும் வரலைன்னாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புப்பா. அபுதாபியிலே ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்பாரு!)